கோபமில்லாத முகம்

என் முகத்தைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நின்று, "என்னங்கம்மா, உப்பு கம்மியா இருக்கா?" என்று கேட்பார். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போவேன், குழந்தை அழும். பசிக்கு அழுதாலும் பழி எனக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் புருவம். சின்ன வயதிலேயே கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். ஐம்பதைத் தாண்டியதும் மொத்தமாக இறங்கி, கண்ணிமைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. நடுவே இரண்டு கோடு வேறு. எதையும் நினைக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால்கூட, யாரையோ மனதுக்குள் வைதுகொண்டிருப்பது போலத் தெரியும்.

எனக்குக் கோபமே வராது என்று புளுக மாட்டேன். வரும். வந்தால் வாயால் சொல்லித் தீர்த்துவிடுவேன், முகத்தில் தேக்கி வைக்கிற பழக்கம் கிடையாது. இதை ஊர் பூராவும் யார் விளக்கிக்கொண்டு திரிவது? விட்டுவிட்டேன்.

விளக்கம் தேவைப்படாத ஒரே ஆள் என் கணவர். காந்தி மார்க்கெட் பக்கத்தில் அவருக்கு வாழைக்காய் மண்டி இருந்தது. முசிறிப் பக்கத்திலிருந்து தார்கள் லாரியில் வந்து இறங்கும். மகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு நானும் போய்க் கல்லாவில் உட்கார்வேன். விலையைக் குறைக்கச் சொல்லி யாராவது பிடுங்கி எடுத்தால், அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டுவார். "நான் குறைச்சுடுவேங்க. அவங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க." வந்தவர் என்னை ஒருமுறை பார்ப்பார், மறுபேச்சில்லாமல் தாரை எடுத்துக்கொள்வார். நான் அப்போது, மதியத்துக்கு ரசம் மட்டும் போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"மண்டிக்குப் பூட்டே வேண்டாம், உன் புருவம் போதும்" என்பார். கேலி செய்வாரே தவிர, "கோவமா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலான குடித்தனத்தில் ஒருமுறைகூட இல்லை. உண்மையாகவே எனக்குக் கோபம் வந்த நாட்களில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். மண்டிக்காரர் வீட்டுக்கு வருவதெல்லாம் அடிபட்ட பழம், விலை போகாத பழம். அந்த நாட்களில் மட்டும் அடிபடாத ரஸ்தாளிச் சீப்பு ஒன்று துண்டில் சுற்றி வரும். அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! அதைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேன்.

மண்டியைக் கைமாற்றிவிட்டு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோடு பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்தோம். மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள். இனி நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்த நேரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நரம்பு டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "கை கால் பயிற்சி கொடுத்தா ஓரளவு வரும்மா. பேச்சுதான் கஷ்டம். நாம பேசறது அவர் காதுல விழும், ஆனா அர்த்தம் உள்ள போகாது. பாஷை தெரியாத ஊர்ல கொண்டுபோய் விட்ட மாதிரி இருக்கும் அவருக்கு. உங்க முகத்தைப் பார்த்துத்தான் எதையும் புரிஞ்சுக்குவார். அதனால முகத்தை எப்பவும் சந்தோஷமா வச்சுக்குங்க."

சொல்லி முடித்துவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து வேறிடத்தில் வைத்தார்.

ஒரு மாதம் போல அவர் வாயிலிருந்து வெறும் சத்தம்தான் வந்தது. ஒருநாள் காலையில் இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவரின் உதடு நடுங்கியது. "கோவமா?" என்றார். தெளிவாக, சுத்தமாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எச்சில் கையோடு ஓடிப்போய் மகளுக்குப் போன் போட்டு, "அப்பா பேசிட்டாரு" என்று கத்தினேன். போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் என்ன பேசினார் என்பதே எனக்கு உறைத்தது.

"இல்லீங்க, கோவமெல்லாம் இல்லீங்க" என்றேன். வார்த்தைதான் அவருக்குள் போகாதே. அவர் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருந்ததோ அதைப் படித்தார். நல்லாயிருந்த இடது கையைத் தூக்கி, திட்டு வாங்கப்போகிறவர் மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். லோடுமேன்களையும் லாரிக்காரர்களையும் ஒரு குரலில் மேய்த்த மனுஷன் அவர்.

அன்றிலிருந்து தினமும் அந்த ஒரே கேள்விதான். மருந்து கொடுக்கும்போது, உடம்பு துடைக்கும்போது, போர்வை போர்த்தும்போது: "கோவமா?" ஊர் முழுக்கத் தப்பாகப் படித்த முகத்தைச் சரியாகப் படித்த ஒரே ஆளும் ஊரோடு சேர்ந்துவிட்டார். அவர் போவதற்குள் ஒருதடவையாவது, எனக்கு அவர்மேல் கோபமில்லை என்று அவருக்குத் தெரியவேண்டும். அதைத் தவிர வேறு எந்த ஆசையும் எனக்கு அப்போது இல்லை.

என்னென்னவோ செய்து பார்த்தேன். பல்லைக் காட்டிச் சிரித்தேன். இறங்கிய புருவத்தோடு சிரித்தால் நக்கல் செய்வது போல இருக்கும் போலிருக்கிறது, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருமுனை பியூட்டி பார்லருக்குப் போய்ப் புருவத்தை உயர்த்தி வளைத்துவிடச் சொன்னேன். அந்தப் பெண் நூலால் பிடுங்கியதில் டிவி சீரியல் மாமியாராகத் திரும்பி வந்தேன். நெற்றிப்பொட்டுத் தோலை மேலே இழுத்து பிளாஸ்டர் ஒட்டி, தலைமுடியால் மறைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். வியர்வையில் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அதைப் பார்த்தாவது அவர் சிரித்திருக்கலாம். அதே கேள்வியைத்தான் கேட்டார்.

மகளிடம் கேட்டேன். "புருவத்தைத் தூக்கிவிட ஏதாவது வழி இருக்காடி?" முதலில் சிரித்தாள். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அப்புறம், "ஆபரேஷன் இருக்கும்மா" என்றாள்.

"கத்தி வேண்டாம். நெத்தியில கட்டுப் போட்டுக்கிட்டு வந்து நின்னா அவர் இன்னும் பயந்துடுவாரு."

அவள்தான் தேடிப் பார்த்துச் சொன்னாள். அல்ட்ராசவுண்ட் வைத்துச் செய்கிறார்களாம். கத்தியும் கிடையாது, தையலும் கிடையாது. தென்னூரில் ஒரு தோல் கிளினிக்கில் அந்த மெஷின் இருந்தது.

அவருடைய அக்காவை, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், கிளினிக்குக்குப் போகிற அன்றைக்கு அவருக்குத் துணையாக வரச்சொன்னேன். எங்கே போகிறாய் என்று கேட்டார். "ஒரு ஸ்கேன் எடுக்கணும் அண்ணி" என்றேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை அடுத்த வாரத்துக்குள் முசிறி வரைக்கும் போய்விட்டது. எனக்குத் தலைக்குள் கட்டி என்று ஆகிவிட்டது. ஆளாளுக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார்கள். என் அண்ணன் போனில் அழுதான். நான் மறுக்கவில்லை. "புருஷன் இப்படிக் கிடக்கறப்ப இவளுக்கு அழகு கேக்குதா" என்று பேசுவதைவிட, கட்டி எவ்வளவோ மேல்.

கிளினிக்கில் உட்கார்ந்திருந்த பெண், "யாருக்குங்க மேடம், பொண்ணுக்கா?" என்றாள். "எனக்குத்தான்" என்றேன். அவளும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாக உள்ளே போனாள்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். என்னைக் கண்ணை மூடித் திறக்கச் சொன்னாள், மேலே பார்க்கச் சொன்னாள். "இமை நல்லா வேலை செய்யுதும்மா. நரம்புக் கோளாறு ஒண்ணும் இல்லை. புருவம்தான் இறங்கியிருக்கு" என்றாள். இரண்டு விரலால் என் புருவங்களைக் கொஞ்சமாக மேலே ஏற்றிப் பிடித்து, கண்ணாடியைப் பார்க்கச் சொன்னாள். கண்ணாடியில் யாரோ நல்ல பெண்மணி இருந்தாள். அவளிடம் யாரும் உப்பு கம்மியா என்று கேட்க மாட்டார்கள். விரலை எடுத்ததும் போய்விட்டாள்.

"ஊசி போட்டா சீக்கிரம் ஆகும்னு சொல்றாங்களே?" என்றேன்.

"உங்களுக்கு வேண்டாம்மா. உங்க நெத்தித் தசைதான் புருவத்தைக் கஷ்டப்பட்டுத் தாங்கிட்டிருக்கு. ஊசி போட்டு அதைத் தளர்த்தினா இன்னும் இறங்கிடும். இது கொஞ்சம் ஏத்தும். கொஞ்சம்தான், ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர். சிலருக்கு அதுவும் தெரியாது. முன்னாடியே சொல்லிடறேன்."

"உடனே தெரியுங்களா?"

"தெரியாதும்மா. சூடு உள்ள போயி, தோலுக்கு அடியில புதுசா இறுக்கம் பிடிக்கணும். ரெண்டு மூணு மாசம் ஆகும்."

எங்கள் மண்டியில் காய்களை அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போட்டால் ஓரிரு நாளில் பழுத்துவிடும். அந்த ஞாபகத்தில், "சீக்கிரம் பழுக்க வைக்க வழியே இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன். டாக்டருக்குப் புரியவில்லை. "ஏதாவது விசேஷம் வருதா மேடம்?" என்றாள்.

"வீட்டுக்காரர் பார்க்கணும்."

டாக்டரும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. இந்த வயதிலும் பாரேன் என்கிற மாதிரியான சிரிப்பு. நான் விளக்கம் சொல்லப் போகவில்லை.

மரத்துப்போகும் களிம்பைத் தடவி உட்காரவைத்தார்கள். பிறகு நெற்றியில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டார்கள். குளிர்ந்த ஜெல்லைப் பூசி, கைக்கு அடக்கமான ஒரு கருவியைப் புருவத்துக்கு மேல் வைத்து அழுத்தினாள் டாக்டர். பக்கத்தில் ஒரு திரை. மகள் வயிற்றில் இருந்தபோது காட்டினார்களே, அதே மாதிரிச் சாம்பல் நிறம். இதில் என் தோல் அடுக்கடுக்காகத் தெரிந்தது. கருவி ஒவ்வொரு கோட்டிலும் ஊரும்போது எலும்பு வரை சுருக்கென்று சூடு இறங்கியது. "தாங்க முடியலைன்னா கையைத் தூக்குங்கம்மா" என்றாள். கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறவரை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், நான் எங்கே தூக்குவது? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். முடிந்ததும் நெற்றி சிவந்து லேசாக வீங்கியிருந்தது. அதோடு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே கேட்டார்.

அப்புறம் காத்திருப்புதான். காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. மகள் வீடியோவில் பார்த்து, "லேசா ஏறின மாதிரி இருக்கும்மா" என்பாள். பெற்றவளுக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று தெரியும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். தலையாட்டல் அவருக்கு எப்படிப் பட்டதோ தெரியாது. சலித்துக்கொள்கிறேன் என்றுகூட நினைத்திருப்பார்.

இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் அவர் கேட்கவில்லை. இட்லி ஊட்டினேன், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். மருந்து கொடுத்தபோதும் கேட்கவில்லை. சாயங்காலம் உடம்பு துடைத்துவிட்டபோதும் கேட்கவில்லை. நான் கண்ணாடிக்கு ஓடினேன். ஏறியிருந்த மாதிரிதான் இருந்தது. ஆசைப்பட்ட கண்ணுக்கு எது தெரியாது? மகளுக்குப் போன் போட்டேன். "இன்னைக்குக் கேக்கலைடி! ஒரு தடவைகூடக் கேக்கலை!" அவளும் அழுதாள், நானும் அழுதேன். அண்ணிக்குப் போன் போட்டு, காரணம் சொல்லாமல், சமயபுரத்துக்கு ஒரு மாவிளக்குப் போடவேண்டும் என்று சொன்னேன். ரவையை வறுத்துக் கேசரி கிண்டி, கொஞ்சம் தளர்வாக எடுத்து அவருக்கு ஊட்டினேன். வாயின் ஓரமாக வழிந்தது. துடைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பயிற்சி கொடுக்கிற தம்பி வந்தார். வழக்கம்போல வலது கையை மடக்கி நீட்டிவிட்டு, இடது கையைத் தூக்கினார். அது தம்பியின் பிடியிலிருந்து பொத்தென்று கட்டிலில் விழுந்தது. "அம்மா, இந்தக் கையும் கனக்குதே" என்றார். ஆம்புலன்ஸ் வந்தது.

இன்னொரு பக்கமும் அடைப்பு என்றார் நரம்பு டாக்டர். "கொஞ்சம் கொஞ்சமா நடந்திருக்கு. முன்னாடியே வந்திருந்தாலும் பெருசா மாறியிருக்காதும்மா. மிச்சமிருந்த அந்த ஒண்ணு ரெண்டு வார்த்தையும் அதுலதான் போயிருக்கு."

என் முகத்தைப் பார்த்துச் சமாதானமாகித்தான் கேட்பதை விட்டார் என்று நான் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். அவருக்குக் கேட்க வாய் இல்லாமல் போயிருக்கிறது.

ஐ.சி.யு.வுக்குள் கொஞ்ச நேரம் விட்டார்கள். தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க். போட்டுக்கொண்டு உள்ளே போகும்போது கண்ணாடிக் கதவில் என்னைப் பார்த்தேன். சிரிக்க இருந்த வாயையும் மூடிவிட்டார்கள். வெளியே தெரிந்தது கண்ணும் புருவமும் மட்டும்தான். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார். என்ன படித்தார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் போய்விட்டார்.

ஓயாமாரி சுடுகாட்டில் எரித்தார்கள். காரியம் எல்லாம் முடிந்தது. அண்ணன் கோடிச்சேலை கொண்டுவந்து போட்டான். அழுது ஓய்ந்து, சொந்தக்காரர்கள் ஊர் திரும்பி, மகளும் பெங்களூருக்குப் போன பிறகுதான் புருவம் ஏற ஆரம்பித்தது. டாக்டர் சொன்ன கணக்குத் தப்பவில்லை. நெற்றிக் கோடு இளகிற்று. இமைமேல் கிடந்த பாரம் விலகிற்று. அன்றைக்கு விரலால் தூக்கிக் காட்டினாளே, அந்த நல்ல பெண்மணி ஒருநாள் காலையில் பல் தேய்க்க வந்து நின்றாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

துக்கம் விசாரிக்கத் தாமதமாக வந்தவர்கள் ஒரு நொடி தயங்கினார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருத்தி, "பாவம், பட்ட கஷ்டத்துக்கு இப்பத்தான் ஒரு விடுதலை" என்றாள். அண்ணிக்குப் பூசி மெழுகத் தெரியாது. "தலையில கட்டின்னு சொன்ன, இப்ப ஆளே தெளிஞ்சுட்டியே. என் தம்பி இருந்த வரைக்கும் உம்முன்னே இருந்த. இப்பத்தான் உன் முகத்துல கோவம் போயிருக்கு" என்றார். தம்பியைப் பறிகொடுத்தவர், அவரிடம் நான் என்ன வாதம் பண்ணுவது? காப்பி கொடுத்து அனுப்பினேன்.

கிளினிக்கிலிருந்து வரச்சொல்லி இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார்கள். போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அது மேல் என்று ஒருநாள் போனேன். டாக்டர் பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "சூப்பரா வந்திருக்கும்மா! எல்லாருக்கும் இப்படி வராது" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். நர்ஸைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "வீட்டுக்காரர் என்ன சொன்னாங்க?" என்றாள்.

"அப்புறம் அவர் ஒண்ணும் கேக்கலைங்க" என்றேன். இருவரும் சிரித்தார்கள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பின்னாலேயே ஏறிய ஒரு கிராமத்து அம்மா, வேறு இடங்கள் இருந்தும், நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா மண்டபத்துக்கு எந்த ஸ்டாப் என்று கேட்டார். மகள் பிரசவித்திருக்கிறாளாம், பேரன் பிறந்திருக்கிறானாம். பாலத்தில் பஸ் ஏறும்போது பையைத் திறந்து ஒரு சீப்பை வெளியே எடுத்து, இரண்டு பழத்தைப் பிய்த்து என் மடியில் வைத்தார். "நம்ம தோட்டத்து ரஸ்தாளிங்க. சாப்பிடுங்க. உங்க முகத்தைப் பார்த்தாலே குடுக்கணும்னு தோணுது" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் வாழ்நாளில் வந்ததில்லை. அண்ணிமேல் கோபம், சிரித்த பெண்கள்மேல் கோபம், கேசரி கிண்டிய என்மேல் கோபம், இந்த முகத்தின்மேல் கோபம். எல்லாவற்றையும்விட, இன்னும் ஒரு மாதம் பொறுக்க முடியாமல் போன அந்த மனுஷன்மேல். பாலம் முடிகிறவரை அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். கோபமா என்று அவர் கேட்கவில்லை.

பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்குமே அடிபடவில்லை.